அழைப்பவர் யார்?

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னும் ஒரு பெரியவர் பள்ளிவாசல் ஹவுளின் கரையிலேயே அமர்ந்திருந்தார். உத்தமபாளையத்தில் நாற்பதாண்டுக் காலம் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். எடையிலும் சொல்லிலும் பிசகாதவர் என்று போடிநாயக்கனூர் வரை பெயர் பெற்றவர். அருகில் சென்று ஸலாம் கூறினேன். பதில் கூறிவிட்டு, "ஹஜ்ரத், எனக்காக ஒரு துஆச் செய்யுங்கள்" என்றார். என்ன காரியம் என்று வினவினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தார். அதற்குள் ஒரு கடன் அட்டை இருந்தது.

அவருடைய மகன் சவூதியில் இருக்கிறார். வைப்புத் தொகை போட்டிருந்த வங்கியில், வேண்டாம் என்று சொல்லியும் விடாமல், அந்த அட்டையை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தியதுமில்லை. ஒரு புதன்கிழமை முற்பகலில் கைப்பேசி ஒலித்தது. பேசியவன் நல்ல தமிழில், "ராவுத்தரய்யா, வங்கியின் கார்டுப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 4,999 ரூபாய் இன்று மாலை பிடிக்கப்படும். வேண்டாமென்றால் இப்போதே ரத்துச் செய்து தருகிறோம்" என்றான். நம்பிக்கை வருவதற்காக அட்டையின் முதல் இலக்கங்களையும் அவனே சொன்னான். சரியாகத்தான் இருந்தது. எஞ்சிய இலக்கங்களை இவர் வாசித்தார். பின்புறத்து மூன்றிலக்கத்தையும் வாசித்தார். கைப்பேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணையும், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தார். 46,800 ரூபாய் போயிற்று.

வாசகர்களே, இதுவரை நீங்கள் செய்தித்தாளில் பல முறை படித்த கதைதான். நான் எழுத வந்தது இதன் பின்பகுதியை.

அன்றிரவே பக்கத்து வீட்டுப் பையனிடம் குறுஞ்செய்தியைக் காட்டி, ஏமாந்துவிட்டோம் என்பதைப் பெரியவர் அறிந்துகொண்டார். அறிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. வங்கிக்குப் போகவில்லை. வீட்டாருக்கும் தெரிவிக்கவில்லை. மூன்றாம் நாள் 21,300 ரூபாய் போயிற்று. ஆறாம் நாள் 18,700 ரூபாய் போயிற்று. இவ்விரண்டுக்கும் ஆறிலக்க எண் கூட அவரிடம் கேட்கப்படவில்லை. ஒன்பதாம் நாள்தான் என்னிடம் வந்து துஆக் கேட்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மகனுக்குத் தெரிந்தால், அத்தாவுக்கு வயதாகிவிட்டது, இனி அவர் கையில் வரவு செலவு கொடுக்கக் கூடாது என்று நினைத்துவிடுவானே" என்றார். போன ரூபாயைக் காட்டிலும் அவரை அதிகம் வாட்டியது அதுதான்.

துஆச் செய்தேன். செய்துவிட்டு அவரை எழுப்பி, முதலில் அட்டையை முடக்குவோம் வாருங்கள் என்று அழைத்துச் சென்றேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் வாணிபம் வாய்ச்சொல்லால் வளர்ந்தது. போடியிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கணினித் திரையில் நடக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் இடையே தொலைபேசியில் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். குரலைக் கேட்டால் ஆளை அறிவோம். ஆளை அறிந்தால் நம்புவோம். கம்பத்துத் திராட்சையும் சின்னமனூர் வாழையும் இப்படித்தான் லாரி ஏறுகின்றன. இந்த நற்குணத்தைத்தான் திருடன் தன் சாவியாகக் கொண்டான். இரும்புப் பெட்டியை உடைப்பவன் இருட்டில் வருவான். இவனோ பட்டப்பகலில் மரியாதையாகப் பெயர் சொல்லி அழைத்து, பெட்டியை நம் கையாலேயே திறக்கச் செய்கிறான்.

அவன் எப்படி அட்டையின் முதல் இலக்கங்களைச் சரியாகச் சொன்னான் என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்வது அவசியம். அட்டையிலுள்ள இலக்கங்களில் முதல் ஆறு அட்டையை வெளியிட்ட வங்கியையும் அட்டையின் வகையையும் குறிப்பவை. ஒரே வகை அட்டையை வைத்திருக்கும் பல்லாயிரம் பேருக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். ஆகவே அவற்றைச் சொல்லிக் காட்டுவது, தேனி மாவட்டத்து அஞ்சல் எண்ணைச் சொல்லிவிட்டு உங்கள் வீடு எனக்குத் தெரியும் என்பதைப் போன்றதாகும். பெயரும் கைப்பேசி எண்ணும் வேண்டுமானால், பொருட்காட்சியில் பரிசுக் குலுக்கல் என்று நாம் எழுதிப் போட்ட சீட்டுகளே போதும்.

அந்த ஆறிலக்க எண்ணுக்கு வருவோம். ஓ.டி.பி. என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். 2009 ஆகஸ்டு முதல், இணையவழியில் அட்டையைப் பயன்படுத்துவதற்கு அட்டை எண்ணுக்கு மேலும் ஓர் உறுதிப்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அந்த உறுதிப்பாடே இன்று பெரும்பாலும் இவ்வெண்ணாக வருகிறது. எண் மட்டும் தனியே வருவதில்லை. எவ்வளவு தொகைக்கு, எந்த வணிகருக்கு என்பதும் கூடவே வருகிறது. யாரிடமும் சொல்லாதீர் என்ற எச்சரிக்கையும் வருகிறது. பெரியவருக்கு வந்த செய்தியிலும் 46,800 என்று இருக்கத்தான் செய்தது. கட்டணத்தை ரத்துச் செய்வதாகச் சொன்னவனுக்கு 46,800 எதற்கு என்று கேட்க அவருக்கு அவகாசம் தரப்படவில்லை. "சீக்கிரம் ஐயா, முப்பது விநாடிதான்" என்று அவன் துரிதப்படுத்தினான். அச்செய்தி ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழும் அரபியும் பிழையற வாசிக்கும் ஒரு மனிதருக்கு, அவருடைய பணம் போகப்போகிறது என்ற எச்சரிக்கையை அவர் அறியாத மொழியில் அனுப்புவது என்ன நியாயம்? விளம்பரத்தைத் தமிழில் அனுப்பத் தெரிந்த வங்கிகளுக்கு இதை மட்டும் தமிழில் அனுப்பத் தெரியாதா? கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

மற்ற இரண்டு தொகைகளும் எண் கேட்காமலே போனதன் காரணம் வேறு. வெளிநாட்டு வணிகத் தளங்கள் பலவற்றில் இந்த இரண்டாம் உறுதிப்பாடு கேட்கப்படாமலே பணம் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அட்டை எண், முடிவுத் தேதி, பின்புறத்து மூன்றிலக்கம் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் அங்கே கதவு திறந்துவிடும். ஆகவே ஓ.டி.பி.யைத்தான் சொல்லக் கூடாது, மற்றதைச் சொன்னால் என்ன என்று இருப்பவர்கள் பாதி வீட்டுக்குத்தான் பூட்டுப் போட்டவர்கள்.

இதற்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. அட்டையை இணையவழியில் பயன்படுத்துவதையும் வெளிநாட்டில் பயன்படுத்துவதையும் உரியவரே நிறுத்தவும் திறக்கவும் வசதி செய்து தர வேண்டும், தொகைக்கு வரம்பிடவும் இடமளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஆணையிட்டது. வங்கியின் செயலியிலோ கிளையிலோ இதைச் செய்துகொள்ளலாம். கடல் கடந்து பொருள் வாங்காத ஒருவருக்கு வெளிநாட்டுக் கதவு எதற்கு? இன்று மாலையே வீட்டுப் பிள்ளைகளை விட்டு அதை மூடச் சொல்லுங்கள்.

கடன் அட்டையே வட்டியின் வாசல்தானே, அதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று சிலர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள் என்பதை அறிவேன். அது தனியே பேச வேண்டிய மஸ்அலா. திருடு போன வீட்டில் நின்றுகொண்டு அதைப் பேசுவது முறையன்று. அட்டையே இல்லாதவரையும் இத்திருடன் விடுவதில்லை. புதிய அட்டை தருகிறேன் என்பான். சேமிப்புக் கணக்கின் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது என்பான். கே.ஒய்.சி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டு ஒரு நாள் காலை நானே கைநடுங்க ஆதார் அட்டையைத் தேடியவன்தான். என் மகள் வந்து கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தாள். ஆகவே ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கில்லை.

இவர்கள் யார்? எங்கிருந்து பேசுகிறார்கள்?

ஜார்க்கண்டில் ஜாம்தாரா என்றொரு மாவட்டம் இருக்கிறது. 2001இல் தும்காவிலிருந்து பிரிக்கப்பட்டது. வங்கி அதிகாரி போலப் பேசி அட்டை விவரங்களைக் கறக்கும் தொழில் அங்குள்ள சிற்றூர்களில் குடிசைத் தொழிலாகப் பெருகியதால், நாடெங்கும் காவல் துறையினர் தேடி வரும் ஊராயிற்று அது. அதே மாவட்டத்துக் கர்மாடாரில்தான் வங்கத்துப் பேரறிஞர் ஈசுவர சந்திர வித்தியாசாகர் தம் பிற்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். சந்தால் மக்களுக்கு மருந்து கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே மண்தான் இரண்டையும் விளைவித்தது.

அடுத்ததைச் சொல்ல நா கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அரியானாவின் நூஹ் மாவட்டம் மேவாத் வட்டாரத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் நம்மவர்கள் வாழும் பகுதி. மௌலானா இல்யாஸ் (ரஹ்) அவர்கள் 1920களில் தப்லீக் பணியைத் தொடங்கியது அந்த மேவாத்தியரிடையேதான். 2023 ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 5,000 காவலர்கள் அங்கே 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தினர். பிடிபட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி செய்தவர்கள் எனக் காவல் துறை அறிவித்தது. வேலையில்லாமையும் கல்வியின்மையும் அங்கே உண்டு என்பது மெய். ஆனால் பசி தீர்க்கப் பிறர் தானியத்தில் கை வைத்தவனுக்குச் சொல்லும் சமாதானத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விதவையின் சேமிப்பைத் துடைத்தெடுப்பவனுக்குச் சொல்ல முடியாது. அந்தப் பணம் யார் வீட்டு உலையில் ஏறினாலும் ஹராம்தான். ஏமாற்றப்பட்டவர் எந்த மதத்தவர் என்பதால் அதில் ஓர் அணுவளவும் குறையாது.

தூரத்து ஊர்களைச் சுட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையவழி மோசடியில் ஈடுபடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். இவ்வாறு சிக்கவைக்கப்பட்டவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வெளிநாட்டுப் பிழைப்பை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். கம்பத்திலும் கூடலூரிலும் பிள்ளையை விமானம் ஏற்றும் தாய் தந்தையர், அழைக்கும் நிறுவனம் யாருடையது, ஆளெடுக்கும் முகவருக்கு அரசின் பதிவு உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். நம் அத்தாமாரை ஏமாற்றும் குரல் நம் தெருப் பையனின் குரலாகவும் இருக்கக் கூடும் என்ற நிலைமை வந்துவிட்டது.

ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வலை விரிக்கப்படுகிறது. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று கல்லூரி மாணவனிடம் கேட்பார்கள். திருடிய பணம் திருடனின் சொந்தக் கணக்குக்கு வருவதில்லை. இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. காவலர் வரும்போது வாசலில் நிற்பது கணக்குக்குரிய மாணவன்தான். ஐயாயிரத்துக்குத் தன் பெயரை விற்றவன் வழக்கறிஞருக்கு அதைப் போலப் பத்து மடங்கு கொடுக்க நேரிடும்.

ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தை விட்டுச் சென்ற கடன் பற்றிப் பேச நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக்குச் சென்று கதவைத் தட்டிய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டபோது, அவர் தம் பெயரைக் கூறாமல் நான் என்று மட்டும் சொன்னார். அவ்விடை நாயகத்துக்குப் பிடிக்கவில்லை. வந்தவரோ உற்ற தோழர். வந்த காரியமும் நியாயமானது. அப்படியிருந்தும் தட்டியவர் தம்மை அடையாளப்படுத்தாதது ஏற்கப்படவில்லை. நாம் ஓதிய இந்தப் பாடத்தைக் கைப்பேசி ஒலிக்கும்போது ஏன் மறந்துபோகிறோம்? வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பதும் நான் என்பதைப் போன்ற பதில்தான். அதில் அடையாளம் எதுவுமில்லை. திரையில் வங்கியின் பெயர் தெரிவதும் சான்றாகாது. எந்தப் பெயரிலும் பதிந்துகொள்ள இன்று வழியிருக்கிறது.

அனுமதி கேட்டு வந்தவரிடம் திரும்பிப் போகச் சொன்னால் அவர் முகம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்பதும் அந்நூர் அத்தியாயம் நமக்குப் போதித்த ஒழுங்கு. தொலைபேசித் திருடனை அறிய இதைவிட எளிய உரைகல் எனக்குத் தெரியவில்லை. "சரி, நான் வைத்துவிட்டு வங்கியை அழைத்து விசாரித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மெய்யான அலுவலர் நல்லது என்பார். திருடன் விடவே மாட்டான். வைத்தால் அட்டை முடங்கும் என்பான். அபராதம் விழும் என்பான். அதற்கும் மசியாவிட்டால் காவல் நிலையம் என்பான். அவன் விடாமல் இருப்பதே அவன் யார் என்பதற்குச் சாட்சி. அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஸலாம் கூடச் சொல்லாமல் வைத்துவிடலாம், பாவமில்லை.

இந்தப் பயமுறுத்தலின் முற்றிய வடிவந்தான் டிஜிட்டல் கைது என்று சொல்லப்படுவது. சீருடையணிந்த ஒருவன் காணொளி அழைப்பில் தோன்றி, உன்னை வீட்டுக்குள்ளேயே கைது செய்திருக்கிறோம், யாரிடமும் பேசாதே என்பான். சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் விளக்க வேண்டியதாயிற்று.

வைத்த பிறகு எந்த எண்ணை அழைப்பது? அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும். அழைத்தவன் கொடுத்த எண் கூடாது. இணையத்தில் தேடிக் கண்டெடுத்த எண்ணும் வேண்டாம்; வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் திருடர்களே அங்கு எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள். வங்கிகள் கணக்குத் தொடர்பாக வாடிக்கையாளரை அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பணித்தது. சாதாரணப் பத்திலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவன் வங்கி என்று சொன்னால் அந்த ஒன்றே சந்தேகிக்கப் போதும். உதவி செய்கிறேன், இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று எவனாவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். கைப்பேசித் திரை முழுவதையும் தொலைவிலிருந்தே பார்க்கவும் இயக்கவும் வல்ல செயலிகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நடக்கும் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் ஏமாறுவதற்கு முன்பு. ஏமாந்த பிறகு என்ன என்பதுதான் ஹவுளின் கரையில் அமர்ந்திருந்தவரின் கேள்வி.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி வகுத்தது. வாடிக்கையாளரின் தவறு ஏதுமின்றி வெளியார் எவராலோ பணம் எடுக்கப்பட்டால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கே கிடையாது. அவரே இரகசிய எண்ணைப் பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று யோசியுங்கள். பெரியவர் புதன்கிழமை இரவே அட்டையின் பின்புற எண்ணுக்கு அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 46,800 ரூபாய் அவர் தலையில் விழுந்திருக்கலாம். பின்னர் போன 40,000 ரூபாய் அவரைச் சேர்ந்திராது. அவர் வாய் மூடியிருந்ததன் விலை 40,000 ரூபாய். அந்த வாயை மூடியது திருடனன்று. நாம்தான், நம் குடும்பங்களின் கடுமொழிதான்.

மேலே தோட்டங்களில் வேலை செய்வோரின் நிலையையும் நினைக்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறினால், மலையில் பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பதில்லை. இறங்கிய பின்தான் செய்திகள் ஒன்றாகக் கொட்டும். அவ்வேளையில் அலுப்பைப் பாராமல் அவற்றை ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் ஓர் இரவு திருடனுக்குக் கிடைத்துவிடுகிறது.

வங்கிக்குச் சொன்ன கையோடு 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களால் பணமிழந்தோருக்காக நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. நீங்கள் சொல்லும் விவரம் வங்கிகளுக்கு உடனே சென்று சேர்கிறது. பணம் எந்தக் கணக்கில் இறங்கியிருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க முயல்கிறார்கள். திருடன் அதை ரொக்கமாக எடுத்துவிட்டால் பிறகு மீட்பது அரிது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின்னர் வரும் ஒரு வாரத்தைவிட மதிப்பு அதிகம். எழுத்து மூலமாகத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். 2019 முதல் அது இயங்கி வருகிறது. தேனியில் மாவட்டத்துக்கென சைபர் குற்றக் காவல் நிலையமும் உண்டு. வங்கி முப்பது நாட்களில் தக்க பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகார் கொடுத்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தெரிவித்தது எப்போது என்பதில்தான் பின்னால் வழக்கே தங்கியிருக்கும்.

2024ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைக் குற்றங்களில் இந்திய மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் அது 7,465 கோடி. இத்தனைக்கும் இவை புகாராக வந்தவை மாத்திரமே. உத்தமபாளையத்துப் பெரியவரைப் போல வாய் திறவாதவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவின் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மையித்து அறிவிப்பும் நிக்காஹ் அறிவிப்பும் எழுதும் பலகையின் ஓரத்தில் 1930 என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள். பெண்களுக்கான பயான் மஜ்லிஸில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். கணவரும் பிள்ளைகளும் கடல் கடந்திருக்க, வங்கிக் கணக்கைத் தனியே கவனிக்கும் சகோதரிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு விளக்க வெளியூர்ப் பேச்சாளர் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளே அழகாகச் சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் மகன்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றே அத்தாவை அழைத்து, "இப்படி ஏதாவது நடந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தை கூடக் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். நடந்த பிறகு சொல்வதில் பயனில்லை. நடக்குமுன் சொன்னால்தான் அந்த இரவில் அவர் கை உங்கள் எண்ணைத் தேடும்.

பெரியவரின் புகார் பதிவாகியிருக்கிறது. அட்டை முடக்கப்பட்டது. வெளிநாட்டுத் தளங்களில் போன இரு தொகைகளையும் மறுத்து வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் அட்டையில் 1930 என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது யாரென்று கேட்டேன். தேநீர் கொண்டு வந்த மருமகளைக் காட்டி, "மகனிடம் முதலில் பேசியதும் இவள்தான், ஹஜ்ரத்" என்றார்.